மங்கோலியா, செவ்வாய்பேட்டை

சனிக்கிழமை ஆறரை மணி.
ரேஷன் கடைக்கு மேல்மாடி.
படியேறும்போதே பாமாயில் வாசனை கூட வரும்.
சுவரில் உலகப் படம்;
ஓதம் ஏறி ஆப்பிரிக்காவின் மேற்கோரம்
உப்பிக் கிடந்தது.

தபால் ஆபீஸ் லூர்துமேரி
எவர்சில்வர் தூக்கைக் குலுக்கி நீட்டினாள்.
ஆளுக்கொரு சீட்டு, ஆளுக்கொரு நாடு,
ஒரு மாதம் வைத்துக்கொள்ள.
டீ மாஸ்டர் மாதையனுக்குச் சீனா.
பாலிடெக்னிக் ஷபானாவுக்கு பிரேசில்.
லாரி ஓட்டும் செங்கோடனுக்கு சுவிட்சர்லாந்து:
"சும்மா கெடக்கற ஊருங்க இது, மாத்திக் குடுங்க."
எனக்கு மங்கோலியா.

நான் கொலுசுக் கண்ணிக்குப் பொடி வைத்து ஊதுகிறவள்.
லண்டனில் வெள்ளி இறங்கினால்
மறுநாளே எங்கள் கூலி இறங்கும்.
ஏறினால் முதலாளிக்குக் காது கேட்காது.
யார் அந்த லண்டன் என்று கேட்கத்தான்
மாடிக்கே போனேன்.
"எனக்கும் முழுசாத் தெரியாது,
படிச்சிட்டு வரேன்" என்றாள் லூர்துமேரி.
படித்துவிட்டு வந்தாள்.
எல்லோரும் சேர்ந்து இன்னும் நன்றாகக் குழம்பினோம்.

மங்கோலியாவுக்குக் கடல் இல்லை.
வடக்கே ஒரு பெரிய வீடு,
தெற்கே ஒரு பெரிய வீடு.
எங்கள் சந்திலும்
இந்தப் பக்கம் உருக்குப் பட்டறை மதில்,
அந்தப் பக்கம் கல்யாண மண்டபம்.
இருவரையும் பகைக்காமல்
ஒரு சேலை காயப்போட எவ்வளவு யோசனை வேண்டும்!
முதல்முறையாக ஒரு நாட்டைப் பார்த்து
உனக்குமா என்று கேட்டேன்.

நான்காவது சனிக்கிழமை சபை கூடியது.
நாற்காலி பத்தாமல் பாய்.
பதினைந்து பேர், அதில் ஐவர் பெரியவர்கள்.
ஏதோ ஒரு நாட்டில், முற்றுகையிட்ட ஓர் ஊருக்குள்
மருந்து லாரி போக
மூன்று நாள் சண்டையை நிறுத்தலாமா?
ஷபானா தீர்மானத்தை வாசித்தாள்,
குரல் நடுங்கியது, பரீட்சை மாதிரி.
"லாரிய நான் ஓட்டறேன்" என்றார் செங்கோடன்.
சிரித்தோம்.
கைகள் உயர்ந்தன. எண்ணினாள். பதினான்கு.

மாதையன் கை மட்டும் மடியில்.
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு
"வேண்டாம்" என்றார்.

அவ்வளவுதான்.
ஐவரில் ஒருவர் சொன்னால் போதும், விதி அது.
பதினான்கு கையும்
எப்படி இறங்குவதென்று தெரியாமல் இறங்கின.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
அவராகத்தான் சொன்னார், படத்தைப் பார்த்துக்கொண்டு:
"நாப்பது வருசமா யார் என்ன கேட்டாலும்
சரிங்க, சரிங்கன்னே சொல்லிட்டேன்.
ஒருக்கா
வேண்டாம்னு சொல்லிப் பாக்கலாம்னு."

படியிறங்கும்போது யாரும் பேசவில்லை.
விளையாட்டுதான், எனக்குத் தெரியும்.
ஆனாலும் அந்த ஊரின் எல்லையில்
என்ஜின் ஓடியபடியே நின்ற லாரி
குகை பாலம் வரை என்னோடு வந்தது.

மூன்று நாள் அவர் கடைப்பக்கம் போகவில்லை.
நான்காம் நாள் போனேன்.
கேட்காமலே சர்க்கரை குறைத்துப் போட்டார்.
காசு வேண்டாம் என்றார்.
அந்தச் சொல் இருவருக்கும் ஒரே நேரத்தில் காதில் விழுந்து
இருவரும் கிளாஸைப் பார்த்தோம்.
பத்து ரூபாயை வைத்துவிட்டு வந்தேன்.

மாதம் முடிந்து தூக்கு சுற்றி வந்தபோது
மங்கோலியா தொலைந்துவிட்டது என்றேன்.
லூர்துமேரி நம்பவில்லை, வற்புறுத்தவும் இல்லை.
இப்போது என்னிடம் கானா இருக்கிறது.
நல்ல நாடுதான், இன்னும் பழகவில்லை.
பழைய சீட்டு போன் உறைக்குள்.

இன்று காலை வெள்ளி விலைக்கு முன்
அந்த ஊர்க் குளிரைப் பார்த்தேன்.
உலான்பாதர், மைனஸ் இருபத்தெட்டு.
இங்கே ஊதுகுழல் பற்றவைத்து
நெற்றி வியர்க்கத் தொடங்கியிருந்தது.
அங்கும் எவளாவது
இரண்டு மதிலுக்கு நடுவில் துணி காயப்போட்டிருப்பாள்.
பலகைபோல் விறைத்திருக்கும்.
எடுத்து மடிக்கும்போது
ஒடியுமா?

சனிக்கிழமை கேட்க வேண்டும்.